‘திருடப் போனவர்கள்’ என்று இனி எழுதாதீர்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. இடையில் எட்டு வருஷம் நான் நைஜீரியாவில் கிடந்தபோதுகூட அப்பாவுக்காக நிறுத்தவில்லை. இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது சில வாரங்களுக்கு முன் உலகச் செய்திப் பக்கத்தின் கீழ்மூலையில் நீங்கள் போட்ட ஒரு பெட்டிச் செய்தி. எண்ணெய்க் குழாய் வெடித்து நைஜீரியாவில் எந்த வருஷம் எத்தனை பேர் செத்தார்கள் என்று வரிசையாகப் போட்டு, மேலே ‘எண்ணெய் திருடப் போய்ப் பொசுங்கியவர்கள்’ என்று தலைப்பு. சலூனில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “திருடப் போனா இப்படித்தான் ஆகும்” என்றார். எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவரும் ஆமாம் போட்டார். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது, ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது என்ன விவாதம் பண்ணுவது? வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் என் கதையை வெட்டுங்கள், ஜெஸ்ஸியை வெட்டாதீர்கள்.

ஜெஸ்ஸி என்பது ஊர்ப் பெயர். உங்கள் பெட்டியில் முதல் வரியில் ‘1998 - 1,000 பேர்’ என்று இருந்ததே, அந்த ஊர்தான். நைஜர் ஆறு கடலில் கலக்கிற டெல்டா பகுதியில், வாரி என்ற எண்ணெய் நகரத்திலிருந்து அதிக தூரமில்லை. உர்ஹோபோ என்ற இனத்து மக்கள், மரவள்ளியும் எண்ணெய்ப் பனையும்தான் பிழைப்பு. வாரி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வடக்கே போகிற பெட்ரோல் குழாய் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1998 அக்டோபரில் அந்தக் குழாயில் கசிவு. அப்போது நாடு முழுக்கப் பெட்ரோல் தட்டுப்பாடு. கச்சா எண்ணெயை உலகத்துக்கே விற்கிற நாடு, நான்கு சுத்திகரிப்பு ஆலை வைத்திருந்தும் பாதி நாள் ஓடாது, பங்க்கில் ராத்திரியெல்லாம் வண்டியோடு படுத்துக் கிடக்க வேண்டும், வெளியே ரோட்டோரத்தில் கேனில் விற்பவன் சொல்வதுதான் விலை. அப்படிப்பட்ட நேரத்தில் வயலில் பெட்ரோல் ஊற்றெடுக்கிறது என்றால் என்ன நடக்கும்? சுற்றுவட்டாரத்து ஜனமே வாளி, குடம், கேன் என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தது. 17ஆம் தேதி தீப்பிடித்தது. ஐந்தாறு நாள் அணையாமல் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அதில் வாளியோடு நின்றவர்களும் உண்டு, தங்கள் பாட்டுக்கு வயலில் வேலையாக இருந்தவர்களும் உண்டு. யார் யார் என்று அடையாளம் தெரியாமல் மொத்தமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

நான் வாரிக்குப் போனது 2001இல். பைப் ஃபிட்டர் வேலை. நான் வேலை பார்த்த ஒப்பந்தக் கம்பெனியில் எனக்கு ஹெல்ப்பராக இருந்த பையன் ஜெஸ்ஸிப் பக்கத்துக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவனுடைய சித்தி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். இடது கையில் விரல்கள் தனித்தனியாக இல்லை, எல்லாம் ஒன்றாக ஒட்டி, மெழுகு உருகி உறைந்தது மாதிரி. கிழங்கை மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் சரசரவென்று சீவித் தள்ளினார், நான் பார்ப்பதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று அந்தப் பையனை விட்டுக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் தீக்காயத்தோடு படுத்திருப்பவர்களைப் போலீஸ் பிடிக்கிறது என்று பேச்சாம், படுத்திருந்தவர்களே இரவோடு இரவாக எழுந்து ஓடியிருக்கிறார்கள், இவரும் தோட்டத்துக் குடிசையில் ஒளிந்துகொண்டு பனங்கொட்டை எண்ணெயைத் தடவிக் காலம் தள்ளியிருக்கிறார். பிழைத்தது அதிர்ஷ்டம். எண்ணெய் எடுக்கப் போனீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: போனேன், ஊரே போனது, சர்ச்சுக்குப் போகிற மாதிரி போனோம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போதைய ராணுவ ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் ஜெஸ்ஸிக்கு நேரில் வந்தார். வந்து பார்த்துவிட்டு, குழாயை உடைத்தது உள்ளூர்க்காரர்கள்தான், அதனால் நஷ்ட ஈடு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காரர்களோ பழைய குழாய் தானாக விட்டுப்போனது என்றார்கள். இன்றுவரை இரண்டு கட்சி. ஆனால் ‘திருட்டு’ என்ற ஒரு வார்த்தை விழுந்ததும் ஆயிரம் பிணத்துக்கும் சேர்த்துக் கணக்கு முடிந்துபோனது பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திருட்டே நடக்கவில்லை என்று சாதிக்க வரவில்லை. நடக்கிறது, பெரிய அளவில் நடக்கிறது. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். 2006 டிசம்பர் 26, லாகோஸ் நகரத்தில் அபுலே எக்பா. (அன்று நம் கடற்கரையில் சுனாமியின் இரண்டாம் வருஷ நினைவு, தரங்கம்பாடியில் இருக்கிற என் தங்கை ஃபோனில் அழுதுகொண்டிருந்தாள், நான் இந்தப் பக்கம் டி.வி.யில் வேறு பிணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) ராத்திரியில் ஒரு கோஷ்டி வந்து குழாயைத் துளைத்து டேங்கர் லாரியில் நிரப்பிக்கொண்டு போய்விட்டது. துளையை அடைக்கவில்லை. விடிந்ததும் அக்கம்பக்கத்து ஜனங்கள் வாளியோடு வந்தார்கள். 260 பேருக்கு மேல் கருகினார்கள். திருடன் டேங்கரோடு போய்ச் சேர்ந்தான், செத்தது அவன் சிந்தியதை அள்ள வந்தவர்கள். டேங்கர் லாரி, துளை போடத் தெரிந்த ஆள், குழாயில் எப்போது சரக்கு ஓடுகிறது என்று உள்ளேயிருந்து சொல்கிற ஆள், எடுத்ததை விற்க ஒரு பங்க் — இத்தனையும் வைத்திருப்பவன் குடிசையில் இருக்கமாட்டான் என்று சலூன்காரருக்கே தெரியும். உங்கள் தலைப்பில் மட்டும் வாளிக்காரன்தான் திருடன்.

பெட்ரோலைப் பற்றி ஒரு சின்ன விஷயம், நம் ஆட்களுக்கும் உதவும். எரிவது பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட அது தீப்பற்றுகிற அளவுக்கு ஆவியாகும், வெயில் காய்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும், வாய்க்காலில் படுக்கும், வாசற்படி ஏறாமல் கதவிடுக்கில் நுழையும். நூறு மீட்டர் தள்ளி ஒருத்தி அடுப்பு மூட்டினால் போதும், தீ அவள் வீட்டிலிருந்து குழாய்க்குத் திரும்பி ஓடிவரும். ஆகவே குழாய்க்குப் பக்கத்தில் நின்றவன் மட்டும்தான் சாவான் என்பதெல்லாம் கிடையாது. வால்வை அடைத்தாலும் உடனே நிற்காது, ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவில் கிலோமீட்டர் கணக்கில் குழாய்க்குள் இருப்பது வடிந்து தீர வேண்டும்.

திருட்டுப் பேச்சே இல்லாத வெடிப்புகளும் உங்கள் வரிசையில்தான் இருந்தன, அது எனக்கு இன்னும் எரிச்சல். 2008 மே மாதம் லாகோஸில் இஜேகுன் என்ற இடத்தில் ரோடு போட வந்த புல்டோசர் குழாயில் இடித்தது. பக்கத்தில் பள்ளிக்கூடம். சுமார் நூறு பேர் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது, தீயில் போனவர்களும் உண்டு, நெரிசலில் மிதிபட்ட பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் எந்த எண்ணெயைத் திருடப் போனார்கள்? அப்புறம், பிரேசில் நாட்டில் 1984 பிப்ரவரியில் குபதான் என்ற தொழில் நகரத்தை ஒட்டி விலா சோக்கோ என்று ஒரு குடிசைப் பகுதி, சதுப்பு நிலத்தில் மரக்கால் நட்டு மேலே கட்டிய வீடுகள், அடியில் பெட்ரோபிராஸ் கம்பெனியின் பெட்ரோல் குழாய். கசிந்தது 7 லட்சம் லிட்டர். கீழே தண்ணீர், தண்ணீர்மேல் பெட்ரோல், அதன்மேல் தூங்குகிற குடும்பங்கள். அரசாங்கம் எண்ணியது 93 உடல்கள். ஆனால் அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வராமலே போன பிள்ளைகள் எத்தனை, தேடிவர ஆளே மிஞ்சாத குடும்பங்கள் எத்தனை என்று பார்த்த அரசு வழக்கறிஞர்கள் 500க்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். சாம்பலானதை எப்படி எண்ணுவது, வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் எண்ண வேண்டியிருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று. கோதாவரி டெல்டாவில் ‘நகரம்’ என்றே ஒரு கிராமம், மாமிடிகுதுரு மண்டலம். 2014 ஜூன் 27 விடியற்காலை அங்கே கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. எண்ணெய் இல்லை, வாயு, ஆனால் சுடுவது ஒன்றுதான். டீ போட அடுப்பு பற்றவைத்ததும் பிடித்தது என்றார்கள். 20 பேருக்கு மேல் செத்தார்கள், பலர் பாயிலேயே. தென்னை மரங்கள் தீக்குச்சி மாதிரி நின்ற படத்தை நீங்களும் போட்டிருப்பீர்கள். காய்ந்த வாயு போக வேண்டிய குழாயில் ஈரம் கலந்த வாயு போனது, உள்ளே தண்ணீர் தங்கி இரும்பை அரித்தது, கசிகிறது கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கே யாரும் அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல முடியவில்லை, கம்பெனியும் அரசும் சேர்ந்து குடும்பத்துக்கு 25 லட்சம் அறிவித்தன. அந்தப் பணத்தால் போன உயிர் வராது, சரி. ஆனால் ஜெஸ்ஸியில் ஒரு பைசா இல்லை, இந்த ‘நகரம்’ கிராமத்தில் 25 லட்சம். நடுவில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். (அதே கோதாவரிக் கரையில் பாசர்லபூடியில் 1995இல் எரிவாயுக் கிணறு ஒன்று வெடித்து 65 நாள் எரிந்ததை மறக்காதவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.)

நைஜீரியாவில் இது வெறும் பேச்சுகூட இல்லை, சட்டமே அப்படித்தான். அந்த நாட்டு எண்ணெய்க் குழாய்ச் சட்டத்தின்படி, கசிவு வெளியாள் வேண்டுமென்று செய்த சேதத்தால் வந்தது என்றால் குழாய்க்காரன் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. ஆகவே கசிவு நடந்ததும் கம்பெனி ஆள், அரசாங்க ஆள், ஊர் ஆள் மூவரும் போய்ப் பார்த்து ஒரு ஃபாரம் நிரப்புவார்கள், அதில் காரணம் என்ற இடத்தில் என்ன விழுகிறதோ அதுதான் அந்த ஊரின் தலையெழுத்து.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். 2004 என்று நினைக்கிறேன், மழைக்காலம். ஒரு ஓடைக்கரையில் குழாய் கசிகிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் மூன்று நாளாக அலைந்து கடைசியில் எங்களை அனுப்பினார்கள். மண்ணை வெட்டி, குழாயைத் துடைத்துப் பார்த்தோம். குழாயில் இடம் சொல்வதற்கு எங்கள் தொழிலில் கடிகாரத்தை வைத்துத்தான் சொல்வோம், உச்சி பன்னிரண்டு மணி, அடி ஆறு மணி. ஓட்டை ஆறு மணியில் இருந்தது. உள்ளே தங்கிய தண்ணீர் அரிப்பது எப்போதும் அங்கேதான். சுற்றிலும் இரும்பு பிஸ்கட் மாதிரி மெலிந்து, விரல் நகத்தால் அழுத்தினால் உதிர்கிற நிலைமை, வெளிப்பூச்சு எப்போதோ உரிந்துபோயிருந்தது. திருடன் துளைத்தால் உச்சியில் துளைப்பான், வட்டமாக, விளிம்பு வெட்டுப்பட்டு இருக்கும், மேலே வால்வு வைத்து வெல்டிங் பண்ணியிருப்பான். எவனும் குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்து ஓட்டை போடமாட்டான். கிளாம்ப் போட்டு இறுக்கினோம். சாயங்காலம் வேலைச் சீட்டு எழுதும்போது சூப்பர்வைசர் என்னிடம், காரணம் ‘வெளியாள் சேதம்’ என்று போடு என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் விசா யார் கையில் இருக்கிறது என்று எனக்கு நினைவூட்டவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. எழுதினேன். என் கையெழுத்தில், நீல மையில். அந்தப் பெரியவரும் பக்கத்தில் நின்று தன் பெயருக்கு நேரே கட்டை விரல் வைத்தார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், நான் ரிப்பேர் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அன்று மதியம் அவர் எங்களுக்கு வறுத்த வாழைக்காய் கொடுத்திருந்தார். அதையும் சாப்பிட்டோம்.

ஆகவே ‘திருடப் போனவர்கள்’ என்ற வார்த்தையை அச்சில் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி இருக்கும், ஐயா. அது எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியும்.

அதே நைஜர் டெல்டாவில் போடோ என்ற ஊரின் கதை இதற்கு அப்படியே எதிர். 2008இல் ஷெல் கம்பெனியின் குழாய் அங்கே இரண்டு முறை விட்டுப்போனது, முதல் முறை வெல்டிங் பழுது. கம்பெனியே ஒத்துக்கொண்டது, திருட்டு என்று சொல்ல வழியில்லை. மாதக்கணக்கில் ஓடையில் எண்ணெய் ஓடியது. முதலில் ஊர் முழுவதற்கும் சேர்த்து 4,000 பவுண்டு தருகிறோம் என்றார்கள். ஊர்க்காரர்கள் லண்டன் கோர்ட்டுக்கே போனார்கள். சிந்திய எண்ணெய் மொத்தம் 4,000 பீப்பாய் சொச்சம்தான் என்று சாதித்துக்கொண்டிருந்த கம்பெனி, அதைவிட அதிகம் என்று கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆனது. அதில் 3.5 கோடி 15,600 பேருக்குப் பிரிந்தது, ஆளுக்குச் சுமார் 2,200 பவுண்டு, மீதி ஊருக்குப் பொதுவில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கழிமுகத்தில் அலையாத்திக் காடு, நம் பிச்சாவரத்தில் இருப்பதே மாதிரி, சேற்றிலிருந்து மூச்சுவிடுகிற வேர்கள் நட்டுக்குத்தலாக நிற்கும். அந்த வேர்மேல் எண்ணெய் பூசிவிட்டால் மரம் மூச்சு முட்டிச் சாகும். மரம் போனால் நத்தை போகும், நண்டு போகும், மீன் குஞ்சு பொரிக்க இடம் போகும். ஆணுக்கு மீன்பிடி போனது, பெண்ணுக்கு நத்தை பொறுக்குவது போனது. 2,200 பவுண்டை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் மீன் வாங்கித் தின்பது?

தீ அணைந்தால் விஷயம் முடிந்தது என்று பத்திரிகைகள் விட்டுவிடுகின்றன, மண்ணுக்குள் அப்போதுதான் ஆரம்பம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் ஒகோனி பகுதியைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. ஒகோனி என்றால் கென் சாரோ-விவாவின் ஊர், எண்ணெய்க் கம்பெனிக்கு எதிராக ஜனங்களைத் திரட்டியதற்காக 1995இல் ராணுவ அரசு தூக்கில் போட்டதே, அவர். அந்த அறிக்கையில் நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில் குடிக்கிற கிணற்று நீரில் பென்சீன் உலக சுகாதார அமைப்பின் அளவைப்போல் 900 மடங்கு. பென்சீன் புற்றுநோய் தருவது. அந்த ஊரில் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சுத்திகரித்த எண்ணெய் மிதந்தது, தோசைக்கல்லில் ஊற்றின மாதிரி இல்லை, எட்டு சென்டிமீட்டர், என் உள்ளங்கை அகலம். பக்கத்தில் போன குழாய் ஆறு வருஷத்துக்கும் முன்னால் கசிந்ததன் மிச்சம் அது. அதுவரை ஜனங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள், வாடை அடிக்கிறது என்று தெரிந்தே, வேறு தண்ணீர் இல்லாமல். முழுசாகச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் பிடிக்கும் என்றது அறிக்கை.

இன்னொன்று சொன்னால் மனசு கனத்துப் போகும். 2019இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் நைஜீரியாவில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்து கிலோமீட்டருக்குள் எண்ணெய் சிந்துவதற்கு முன் உண்டான பிள்ளை, சிந்திய பின் உண்டான பிள்ளை. பின்னதில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறப்பது ஆயிரத்துக்கு 38 கூடுதல். குழாய் கசிந்தபோது இந்தப் பிள்ளைகள் கருவில்கூட இல்லை. உங்கள் பெட்டிச் செய்தியில் ‘பலி’ என்ற எண்ணிக்கைக்குள் இதுகள் வராது.

இதையெல்லாம் கும்பகோணத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கதிராமங்கலம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் விட்டுப்போய் வயலில் எண்ணெய் பரவியதும், ஜனங்கள் கலெக்டர் வந்தால்தான் ஆச்சு என்று மறித்ததும், வைக்கோலில் தீ எரிந்ததும், தடியடியும், மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் போராடிவந்த பேராசிரியர் ஜெயராமன் உட்பட பத்துப் பேரைப் பிடித்து வாரக்கணக்கில் சிறையில் வைத்ததும் உங்கள் பத்திரிகையிலேயே வந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஆனால் பாருங்கள், குழாய் கசிந்ததற்கு முதலில் உள்ளே போனவர்கள் குழாய் இருந்த ஊர்க்காரர்கள். நைஜீரியாவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவனுக்கு அதில் புதுசாக ஒன்றும் தெரியவில்லை.

நிலத்துக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1962ஆம் வருஷத்துப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி உங்கள் நிலத்தில் குழாய் பதித்தால் நிலம் உங்கள் பெயரிலேயேதான் இருக்கும், பட்டாவும் உங்களுடையதுதான், ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதற்குத் தருவது நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. கொங்குப் பக்கத்து விவசாயிகள் கெயில் குழாயை ரோட்டோரமாகக் கொண்டுபோகச் சொல்லி வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியது இதற்குத்தான், தென்னை வைக்க முடியாத தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான். அவர்களையும் ‘வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள்’ என்று எழுதியவர்கள் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது.

குழாயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அதில்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். லாரியில் கொண்டுபோவதைவிடக் குழாய் எவ்வளவோ மேல், உள்ளே பிக் என்கிற கருவியை ஓட்டி எங்கே இரும்பு மெலிந்திருக்கிறது என்று பார்க்கலாம், வெளியே மின்சாரம் கொடுத்துத் துருவைத் தடுக்கலாம், எல்லாம் இருக்கிறது. செலவு பண்ண வேண்டும், அவ்வளவுதான். செலவு பண்ணாதவனைக் கேள்வி கேட்பதைவிட வாளியோடு வந்தவனைப் பற்றித் தலைப்பு எழுதுவது சுலபம் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், அது நைஜீரியாவாக இருக்கட்டும், மெக்சிகோவாக இருக்கட்டும், உங்கள் நிருபரையோ மொழிபெயர்ப்பாளரையோ மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். குழாய் எந்த வருஷம் பதித்தது? கசிவை முதலில் யார், எப்போது சொன்னது? சொன்னதற்கும் வால்வை அடைத்ததற்கும் நடுவில் எத்தனை மணி நேரம்? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் ‘குழாய் வெடித்து இத்தனை பேர் பலி’ என்று மட்டும் போடுங்கள், போதும்.

கடைசியாக ஒரு உதவி. எங்கள் வயலை ஒட்டி ஒரு குழாய் போகிறது, வாய்க்கால் மேட்டில் மஞ்சள் அடித்த அடையாளக் கல் நிற்கிறது. யார் குழாய் என்று இங்கே எழுதவில்லை, அவர்களுக்குப் போன வருஷமே மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை. கல்லில் ‘அபாயம், தோண்டாதீர்’ என்று இருக்கிறது, அதன் கீழே கசிவு தெரிந்தால் கூப்பிட ஒரு ஃபோன் நம்பர். பக்கத்து வீட்டுக்காரர் அதில்தான் மாட்டைக் கட்டுவார், கயிறு உரசி உரசி பெயிண்ட் போய் நம்பரில் கடைசி இரண்டு எண் தெரியவில்லை. நான் நெருப்புப் பெட்டி அட்டையை வைத்துத் தேய்த்தெல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்று 3 அல்லது 8 மாதிரி இருக்கிறது, இன்னொன்று சுத்தமாக இல்லை. உங்கள் மாவட்ட நிருபரிடம் சொல்லி அந்த இரண்டு எண்ணை விசாரித்து வாங்கி, உள்ளூர்ப் பக்கத்தில் எங்காவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பைப் ஃபிட்டர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.